விரைவுணவும் மாணவர் மனநிறைவும்

மாலை வகுப்பு முடிந்தபின் விடுதி மாணவர் பலர் உணவுச்சாலையை நாடாது தெருமுனை வண்டிக்கடையை நாடுகின்றனர்; யானும் அவருள் ஒருவனே. முன்னரே பணம் செலுத்திய உணவு விடுதியிற் காத்திருக்க, மீண்டும் பணங்கொடுத்து பிரைடு ரைசும் நூடுல்சும் வாங்குவது ஏன்?

மாணவன் அங்கு வாங்குவது சுவையை மட்டுமன்று; நேரத்தையும் நண்பர் கூட்டத்தையும் சேர்த்தே வாங்குகின்றான். விரைவின் மதிப்பை வணிகர் நன்குணர்ந்தனர். 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பெர்னார்டினோ நகரில் மெக்டொனால்டு சகோதரர் தம் கடைப் பண்டங்களை ஒன்பது வகையாகக் குறைத்து, பரிமாறுவோரை நீக்கி, ஹாம்பர்கர் ஒன்றை 15 சென்ட்டுக்கு விற்றனர். வகை குறையவே வேகம் மிகுந்தது. வேகம் மிகவே விலை தாழ்ந்தது.

இனி, மனநிறைவு யாது? எதிர்பார்த்ததையும் பெற்றதையும் ஒப்பிடுங்கால் அது பிறக்கின்றது என 1980-இல் ரிச்சர்டு ஆலிவர் என்னும் அறிஞர் விளக்கினார். விரைவையும் பழகிய சுவையையுமே எதிர்பார்த்துச் செல்வோன் அவை கிடைத்தவுடன் நிறைவுறுகின்றான். உப்பின் அளவை அவன் எண்ணுவதில்லை. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாதல் வேண்டுமென்பதோ உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆதலின் மனநிறைவு உணவின் நன்மைக்குச் சான்றாகாது.

சென்ற திங்கட் கணக்கை எழுதிப் பார்த்தேன். நூல் வாங்க எந்தை அனுப்பிய பணம் வண்டிக்கடையிற் கரைந்திருந்தது. கடையைப் பழித்துப் பயனில்லை. நாம் எதிர்பார்ப்பை உயர்த்துவோமாக. விடுதியும் பசித்த வேளையிற் சுடச்சுட உணவளிக்கக் கற்குமாக.