மாடியில் ஒரு காய்கறித் தோட்டம் – 5: ஆடியில் எதை விதைப்பது?

செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்து, பைக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து நிரப்பி வைத்திருப்பீர்கள். பத்து நாள் ஆறிய அந்த மண் இப்போது விதைக்குத் தயார்.

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு முதல் ஆசை தக்காளி மேல்தான். சென்னை, கடலூர் போன்ற கரையோர ஊர்களில் ஆடி மாதம் அது வேண்டாம். இரவிலும் வெப்பம் பெரும்பாலும் 25 டிகிரியை ஒட்டியே நிற்கும். அந்தப் புழுக்கத்தில் செடி தளதளவென்று வளரும், பூக்கும். ஆனால் பிஞ்சு பிடிக்காமல் பூ உதிரும். உரம் போதவில்லை என்று மேலும் மேலும் கொட்டிப் பயனில்லை. ஐப்பசியில் மழை படாத தாழ்வாரத்தில் நாற்றுவிட்டு, கார்த்திகையில் எடுத்து நடுங்கள். மார்கழிக் குளிரில் வைத்த பூ காயாக நிற்கும்.

ஆடிக்கு ஏற்றது வெண்டை. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. வெண்டை விதைத்து 45 நாளில் காய்க்கத் தொடங்கும். ஆடி முதல் வாரம் விதைத்தால் ஆவணி நடுவில் முதல் பறிப்பு. அடைமழை இறங்குவதற்குள் நல்ல மகசூலை எடுத்துவிடலாம். நாட்டு விதையாகக் கேட்டு வாங்குங்கள், அடுத்த பட்டத்துக்கு விதையும் உங்களிடமே இருக்கும்.

விதையை இரவு முழுக்க ஊறவைத்து, விரலின் முதல் கணு ஆழத்துக்குக் குழியிட்டு, இரண்டிரண்டாகப் போடுங்கள். நாலைந்து நாளில் முளைக்கும். இரண்டும் வந்தால் நோஞ்சானைக் கத்தரிக்கோலால் அடியில் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். பூத்த ஐந்தாறு நாளில் காய் பறிக்கிற பதத்துக்கு வந்துவிடும். நுனியை ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும். இன்னும் பெருக்கட்டும் என்று விட்டால் நாராகிவிடும், செடியும் அடுத்த பூவை எடுக்கத் தயங்கும். இலை நரம்புகள் மஞ்சளாகத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். அந்தச் செடிக்கு இரக்கம் பார்க்காதீர்கள், அன்றே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். மற்றவற்றுக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

ஒரு பை கீரைக்கு. சிறுகீரை விதையை மணலோடு கலந்து தூவி, பூவாளியால் நீர் தெளித்தால் ஒரு மாதத்துக்குள் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ள மறுபடி துளிர்க்கும்.

மாடியில் வெயிலைவிட எனக்குக் கவலை ஆடிக்காற்றுதான். மேற்கிலிருந்து வறட்சியாக அடித்துப் பையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பைகளை மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி உள்பக்கமாக வையுங்கள். காற்றும் தடைபடும், காலை வெயில் முழுதாகக் கிடைத்து, சாயங்கால வெயிலுக்கு நிழலும் விழும். மேல்மண் காய்ந்திருக்கிறதே என்று உடனே தண்ணீர் விடாதீர்கள். விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். அடியில் ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். புதியவர்களின் செடிகள் தாகத்தில் சாவதைவிட வேர் அழுகிச் சாவதே அதிகம்.

மூன்று பை வெண்டை, ஒரு பை கீரை, இந்த ஆடிக்கு இது போதும். இன்றிரவே விதையை ஊறப்போடுங்கள். அடுத்த வாரம் புடலைக்கும் பாகலுக்கும் பந்தல் போடுவோம்.