ஒரு தறப்பாளின் கீழ் எத்தனை பேர்?

2006 ஏப்ரலில் ஷெல் வீச்சுக்கும் விமானத் தாக்குதலுக்கும் தப்பி சம்பூரை விட்டு வெளியேறிய மக்களில் பலர், பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். இடம்பெயர்ந்தோருக்கு முதற்கூரை பெரும்பாலும் தறப்பாள்தான். அதன் கீழ் எத்தனை பேர் தங்கலாம்?

நிவாரண அமைப்புகள் வழங்கும் வழமையான தறப்பாள் 4 மீற்றர் அகலமும் 5 மீற்றர் நீளமும் கொண்டது. பரப்பு 20 சதுர மீற்றர். சமையலிடம் நீங்கலாக ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் வேண்டும் என்கிறது 'ஸ்பியர்' மனிதாபிமான நியமம். தட்டையாக விரித்தாலே ஐந்து பேருக்குத்தான் காணும். மழைநீர் வழிய நடுவில் உயர்த்திக் கட்டினால் இடம் இன்னும் சுருங்கும்.

ஆகவே இரு குடும்பங்கள் சேரும்போது தறப்பாள்களையும் சேர்த்துக் கட்டுவதே வழி. ஒன்றின் விளிம்பு மற்றதன்மேல் ஒரு முழமாவது ஏறவேண்டும். காற்றுப் பக்கத்து விளிம்பு மேலே இருக்கவேண்டும். திருகோணமலையில் மாரி மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கத்தைத் தாழ்த்தி மூடி, வாசலை மறுபக்கம் வைக்கவேண்டும்.

கோடரி, மண்வெட்டி, பெரிய பானை, அடுப்பு பொதுவாகலாம். பாய், நுளம்புவலை, பிள்ளையின் ஏணை, பெண்கள் உடைமாற்றும் மறைப்பு தனித்தனியே வேண்டும். எது யாருடையது என்று முதல் நாளே பேசிக்கொண்டால் பிணக்கு வராது.

சம்பூரில் 818 ஏக்கர் காணி விடுவிக்கப்பட்டது 2015இல். கடற்படை முகாமிருந்த காணி 2016இல். அயலவர்கள் கூரையைப் பகிர்ந்தார்கள். ஆனால் சில கிழமைகளுக்கான ஏற்பாட்டை ஒன்பது, பத்து ஆண்டுகளுக்கு நீளச் செய்தது, சொந்தக் காணிக்குத் திரும்ப விடாமையே.