எச்-குறியீடு என்றால் என்ன? வேதியியலாளரின் ஆய்வுத் தாக்கம் அளவிடப்படுவது எப்படி?

ஆய்வாளர் ஒருவர் எத்தனை ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டுள்ளார், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியுள்ளனர் என்ற எண்கள் பணி நியமனம், பதவி உயர்வு, நிதி ஒதுக்கீடு ஆகியவற்றில் முக்கியப் பங்கு வகிக்கின்றன. வினையூக்கிகள், புதிய பொருள்கள் குறித்த ஆய்வில் ஈடுபடும் வேதியியலாளர்களும் இதற்கு விதிவிலக்கல்லர்.

கணக்கிடும் முறை

ஒரு கட்டுரையை எழுதுபவர், தமக்கு உதவிய முந்தைய ஆய்வுகளைக் குறிப்பிடுவது வழக்கம். அவ்வாறு குறிப்பிடப்படும் ஒவ்வொரு முறையும் அந்த முந்தைய கட்டுரைக்கு ஒரு மேற்கோள் சேர்கிறது.

கட்டுரைகளின் எண்ணிக்கையையும் மேற்கோள்களையும் இணைத்து ஒரே எண்ணாகத் தரும் 'எச்-குறியீட்டை' அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-ஆம் ஆண்டு முன்மொழிந்தார். ஒருவரின் 5 கட்டுரைகள் முறையே 50, 20, 8, 4, 1 மேற்கோள்களைப் பெற்றிருந்தால் அவரது எச்-குறியீடு 4 ஆகும். அதாவது, அவரது 4 கட்டுரைகள் தலா 4 மேற்கோள்களையேனும் பெற்றுள்ளன. ஒரே ஒரு கட்டுரை மட்டும் எழுதி, அது 5,000 மேற்கோள்களைப் பெற்றாலும் எச்-குறியீடு 1-ஐத் தாண்டாது.

சி.என்.ஆர்.ராவ்

இந்திய வேதியியலில் இந்த அளவுகோலில் உயர்ந்து நிற்பவர் பெங்களூரில் 1934-ஆம் ஆண்டு பிறந்த சி.என்.ஆர்.ராவ். திடநிலை வேதியியல், பொருளறிவியல் துறைகளில் 1,500-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டுள்ள அவரது எச்-குறியீடு 100-ஐத் தாண்டியுள்ளது. உலோக ஆக்சைடுகள், மீக்கடத்திகள், கார்பன் நானோ குழாய்கள் ஆகியவை அவரது ஆய்வுக் களங்களில் சில. சி.வி.ராமன், ஏ.பி.ஜே.அப்துல் கலாம் ஆகியோரைத் தொடர்ந்து 2014-இல் அவருக்கு பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

எண்கள் சொல்லாதவை

மேற்கோள் என்பது ஒரு ஆய்வு எவ்வளவு பயன்படுத்தப்படுகிறது என்பதைக் காட்டுமே தவிர, அதன் தரத்தை நேரடியாக அளப்பதில்லை. எடுத்துக்காட்டாக, எலெக்ட்ரான்களின் ஆற்றலைக் கணக்கிடும் ஒரு முறையை விளக்கி பெர்டியூ, பர்க், எர்ன்செர்ஹாஃப் ஆகியோர் 1996-இல் வெளியிட்ட சிறு கட்டுரை, ஒரு லட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்களைப் பெற்றுள்ளது. வினையூக்கிகளைக் கணினியில் ஆராய்வோர் பலருக்கும் அது அன்றாடக் கருவியாக இருப்பதே காரணம்.

மறுபுறம், உர உற்பத்திக்கான அம்மோனியாவைத் தயாரிக்க உதவும் இரும்பு வினையூக்கி, ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் ஆல்வின் மிட்டாஷ் தலைமையில் ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பிறகு உருவானது. தொழிற்சாலையில் பிறக்கும் இத்தகைய கண்டுபிடிப்புகள் காப்புரிமையாகவே வெளிவருவதால், அவற்றின் பயன் மேற்கோள் கணக்கில் முழுமையாகப் பதிவாவதில்லை.

துறைக்குத் துறை மேற்கோள் வழக்கம் மாறுபடுவதால், வேதியியலாளரையும் கணிதவியலாளரையும் ஒரே எண்ணால் ஒப்பிடுவதும் பொருந்தாது. எச்-குறியீடு காலப்போக்கில் குறைவதில்லை என்பதால், இளம் ஆய்வாளர்களைவிட மூத்தவர்களுக்கே அது சாதகமாக அமைகிறது. பலர் இணைந்து எழுதிய கட்டுரையில் யாருடைய பங்கு எவ்வளவு என்பதையும் அது பிரித்துக் காட்டாது. தன் கட்டுரைகளைத் தானே மேற்கோள் காட்டி எண்ணிக்கையை உயர்த்தவும் வாய்ப்புண்டு.

இந்தியாவில் ஏன் முக்கியம்?

மத்திய கல்வி அமைச்சகத்தின் தேசிய தரவரிசைப் பட்டியலில் ஆய்வுச் செயல்பாடுகளுக்குத் தனி மதிப்பெண் உண்டு. வெளியீடுகளும் மேற்கோள்களும் அதில் கணக்கிடப்படுவதால், கட்டுரைகளை அதிகரிக்க வேண்டிய அழுத்தம் கல்வி நிறுவனங்களிலிருந்து பேராசிரியர்களுக்கும், அவர்களிடமிருந்து மாணவர்களுக்கும் செல்கிறது. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளில் நீக்கியது.

ஆய்விதழின் மதிப்பைக் கொண்டு தனி ஆய்வாளரை எடைபோடக் கூடாது என 2012-இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் வலியுறுத்துகிறது. ஒருவரின் பன்முகப் பணியை ஒற்றை எண்ணால் தோராயமாக மட்டுமே காட்ட முடியும் என ஹிர்ஷும் தமது கட்டுரையிலேயே எச்சரித்திருந்தார். எனவே, எண்களைத் தொடக்கக் குறிப்பாகக் கொண்டு, கட்டுரைகளைப் படித்து மதிப்பிடுவதே ஆய்வாளருக்கு நியாயம் செய்யும் வழியாகும்.