பால் ஒவ்வாத பிள்ளைக்கு என்ன கொடுப்பது?



நம் டிரஸ்டின் மருத்துவ உதவிக்கு வரும் விண்ணப்பங்களில் ஒரு வகை அடிக்கடி கண்ணில் படுகிறது. "பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் தனி மாவு எழுதித் தந்திருக்கிறார். விலை தாங்க முடியவில்லை" என்பதே அது. வீட்டுக்குப் போய் விசாரித்தால், விலையை விடப் பெரிய சிரமம் வேறொன்று இருப்பது தெரிகிறது. உம்மா ஒன்று சொல்ல, மாமியார் ஒன்று சொல்ல, பக்கத்து வீட்டார் இன்னொன்று சொல்ல, பெற்ற தாய் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறாள். அதனால் இந்த இதழில் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

இரண்டு வேறு கோளாறுகள்

பால் ஒத்துக்கொள்ளாமை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு கோளாறுகள் கலந்துவிடுகின்றன. பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை செரிக்காமல் போவது ஒன்று. இதில் வயிறு உப்பும், வயிற்றுப்போக்கு வரும், உயிருக்கு ஆபத்தில்லை. வயிற்றுப்போக்குக்குப் பிறகு சில நாள் மட்டும் இப்படி இருந்து சரியாகிவிடுவதும் உண்டு.

மற்றொன்று பால் ஒவ்வாமை, அதாவது அலர்ஜி. பாலில் உள்ள கேசின், வே ஆகிய புரதங்களை உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தி எதிரி என்று தவறாக எண்ணித் தாக்குவதால் இது வருகிறது. இந்தப் பிள்ளைக்குக் கடையில் விற்கும் 'லாக்டோஸ் ஃப்ரீ' பால் உதவாது. அதில் சர்க்கரையைத்தான் மாற்றியிருக்கிறார்கள். புரதம் அப்படியே இருக்கிறது.

அறிகுறிகள்

சில பிள்ளைகளுக்குப் பால் உள்ளே போன சில நிமிடங்களில், அல்லது இரண்டு மணி நேரத்துக்குள், தோலில் தடிப்பு, உதடும் கண்ணும் வீங்குதல், வாந்தி, இருமல், மூச்சுத்திணறல் வரும். வேறு சில பிள்ளைகளுக்குப் பல மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்துத்தான் தெரியும். மலத்தில் சளியும் இரத்தமும் வருவது, நீங்காத வயிற்றுப்போக்கு, கரப்பான், எடை ஏறாமல் இருப்பது ஆகியவை இந்த வகை.

அறிகுறி கண்டதும் நாமாகவே முடிவு செய்து பாலை நிரந்தரமாக நிறுத்திவிடக் கூடாது. தேவையில்லாமல் நிறுத்தினால் வளரும் பிள்ளைக்குச் சத்துக் குறையும். குழந்தை மருத்துவர் முதலில் கேட்பது, என்ன சாப்பிட்டது, எவ்வளவு நேரத்தில் என்ன ஆனது என்பதைத்தான். அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தோல் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் இருக்கின்றன. ஆனால் அவற்றை மட்டும் வைத்து முடிவு சொல்வதில்லை. தாமதமாக வரும் வகைக்கு இரண்டு முதல் நான்கு வாரம் பாலை நிறுத்திப் பார்த்து, பிறகு மருத்துவர் சொல்லும் முறையில் மீண்டும் கொடுத்து உறுதி செய்வார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவிலும், சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையிலும் இதற்கு ஆலோசனை பெறலாம்.

கைக்குழந்தைகளுக்கு

பிள்ளைக்கு இரண்டு ஆண்டுகள் முழுமையாகப் பாலூட்டுவது பற்றிக் குர்ஆன் (2:233) சொல்வதை நாம் அறிவோம். பால் அலர்ஜி என்று தெரிந்தாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. பல குழந்தைகள் தாய்ப்பாலில் நன்றாகவே இருக்கும். தாய்ப்பால் குடிக்கும்போதே அறிகுறி தொடர்ந்தால் மட்டும், தாய் தன் உணவில் பால், தயிர், நெய்யை நிறுத்திப் பார்க்கும்படி மருத்துவர் சொல்வார். அப்போது தாய்க்கும் கால்சியம் மாத்திரை தேவைப்படும். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தாய்ப்பால் இல்லாத குழந்தைக்குப் புரதத்தை மிக நுண்ணியதாக உடைத்த தனிப் பால்மாவு எழுதித் தருவார்கள். கடுமையான அலர்ஜிக்கு அமினோ அமில மாவு. இவற்றில் ஒரு சிறு டின்னே ஆயிரம் ரூபாயைத் தாண்டும். சில நாள்களுக்கு மேல் வராது. அதற்காகத் தண்ணீரை அதிகம் ஊற்றிக் கரைக்கக் கூடாது. குழந்தை மெலிந்துபோகும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குச் சோயா மாவு ஏற்றதல்ல. தேங்காய்ப்பாலும் அரிசிக் கஞ்சியும் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாலின் இடத்தை நிரப்பா.

ஆட்டுப்பால் கொடுக்கலாமா?

பெரியவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். பசும்பாலில் உள்ள புரதத்தைப் போன்றதே ஆட்டுப்பாலிலும் எருமைப்பாலிலும் இருக்கிறது. பசும்பால் அலர்ஜி உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இவையும் ஆகாது. ஒட்டகப்பாலையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

நன்றாகக் காய்ச்சினால் சரியாகிவிடும் என்பதும் சரியல்ல. கேசின் சூட்டைத் தாங்கும். தயிரும் மோரும் பால்தான். நெய்யில் கொழுப்பே மிகுதி என்றாலும் கொஞ்சம் புரதம் தங்கியிருக்கும். கடுமையான அலர்ஜி உள்ள பிள்ளைக்கு அதுவே போதும்.

பால் எங்கெல்லாம் இருக்கிறது?

டம்ளரில் இருக்கும் பால் எல்லோருக்கும் தெரியும். பிஸ்கட், பன், ரொட்டி, வர்க்கி, சாக்லேட், ஐஸ்கிரீம், பால்கோவா ஆகியவற்றில் இருப்பதும் தெரிந்திருக்கும். ஓட்டல் பரோட்டா மாவில் பால் சேர்ப்பவர்கள் உண்டு. பிரியாணிக்குக் கறியைத் தயிரில் ஊறவைக்கிறோம். தம் போடும்போது நெய் ஊற்றுகிறோம்.

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் பால் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அது சைவம் என்பதற்கான அடையாளம் மட்டுமே. பாலும் சைவக் கணக்கில்தான் வருகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, பால் கலந்த பாக்கெட் உணவில் அதை அச்சிட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். மில்க் சாலிட்ஸ், வே, கேசின், கேசினேட், பட்டர், கர்ட், சீஸ், மில்க் பவுடர் ஆகிய சொற்களை ஓர் அட்டையில் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லி, பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் வாசிக்கும் வேலையை அதனிடம் கொடுங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அதற்கு வரும்.

சத்துக்கு என்ன செய்வது?

நம் வீட்டுச் சமையலில் இதற்கு நிறைய வழி இருக்கிறது. தேங்காய்ப்பால் ஊற்றிய ஆணம், தேங்காய்ப்பால் சோறு, நெய் சேர்க்காத வட்டிலப்பம் ஆகியவற்றில் மாட்டுப்பாலே கிடையாது. பெயரில் பால் இருப்பதால் தேங்காய்ப்பாலை நிறுத்த வேண்டாம். ஆனால் அதில் புரதமும் கால்சியமும் குறைவு. ருசிக்கும் கொழுப்புக்கும்தான் அது உதவும்.

புரதத்துக்கு முட்டை, மீன், கறி, பருப்பு, சுண்டல் போதும். கால்சியத்துக்குத்தான் கவனம் வேண்டும். ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராமும், நான்கு முதல் ஆறு வயதுக்கு 550 மில்லிகிராமும் தேவை என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவு கூறுகிறது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. சிறு பிள்ளை ஒரு நாளில் 50 கிராம் மாவுக்குரிய கூழோ புட்டோ சாப்பிட்டாலே மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும். கூழில் மோர் ஊற்றாமல் கருப்பட்டி போட்டுக் கொடுங்கள். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி, முருங்கைக்கீரை, எள் ஆகியவையும் நல்லவை. எள்ளுக்கும் அலர்ஜி வரலாம் என்பதால் முதலில் சிறிதளவு கொடுத்துப் பாருங்கள். இவ்வளவு கொடுத்தும் குறைந்தால் கால்சியம், வைட்டமின் டி சிரப் தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவையுங்கள்.

விருந்தும் ஸஹனும்

வீட்டில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் விருந்தில்தான் தவறு நடக்கிறது. ஒரே ஸஹனில் நாலு பேர் உட்கார்ந்து உண்பது நம் பழக்கம். அதில் பரக்கத் உண்டு. ஆனால் தயிர்ப் பச்சடி கலந்த ஸஹனில் இந்தப் பிள்ளையை உட்கார வைக்க முடியாது. அதற்குத் தனித் தட்டு, தனிக் கரண்டி வேண்டும். தனித் தட்டு வைப்பதைப் பெருமை என்றோ, சேர்ந்து உண்ண மனமில்லை என்றோ யாரும் பேச வேண்டாம். வலீமா, அகீகா வைக்கும் வீட்டார் ஒரு சட்டியில் வெறும் சோறும் தயிரும் நெய்யும் சேராத ஆணமும் எடுத்து வைத்தால் அதுவே பெரிய உபகாரம்.

உம்மம்மாமார்களுக்கும் பெரியும்மாமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். "ஒரு வாய்தானே, என்ன ஆகிவிடும்" என்று தாய்க்குத் தெரியாமல் ஊட்டாதீர்கள். பாசத்தில் கொடுக்கும் அந்த ஒரு வாய் சில பிள்ளைகளின் மூச்சையே நிறுத்திவிடும். மத்ரஸா உஸ்தாதுமார்களிடமும் பள்ளிக்கூட ஆசிரியர்களிடமும் முன்பே சொல்லிவையுங்கள். நார்சா கொடுக்கும்போது அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆபத்து நேரத்தில்

மூச்சு இழுத்தாலோ, குரல் அடைத்தாலோ, நாக்கு வீங்கினாலோ, பிள்ளை துவண்டு விழுந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. மருத்துவர் அட்ரினலின் ஊசி தந்து போடும் முறையையும் கற்றுத் தந்திருந்தால் உடனே தொடையின் வெளிப்புறத்தில் போடுங்கள். 108ஐ அழையுங்கள். பிள்ளையைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத்திணறினால் சாய்ந்து உட்காரட்டும். நடக்க விடாதீர்கள். அலர்ஜி சிரப்பை மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

நம்பிக்கை தரும் செய்தி

பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளி செல்லும் வயதுக்குள் இந்த அலர்ஜி தானாக விலகிவிடுகிறது. விலகிவிட்டதா என்று வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம். மருத்துவர் குறித்துத் தரும் காலத்தில், அவர் மேற்பார்வையில்தான் பார்க்க வேண்டும். பலர் நன்றாகச் சுட்ட கேக், பிஸ்கட்டிலிருந்து படிப்படியாகத் தொடங்கச் சொல்வார்கள்.

தனிப் பால்மாவு வாங்க வசதியில்லாதவர்கள் மருத்துவரின் சீட்டுடன் நம் அலுவலகத்துக்கு வரலாம். கூச்சப்பட வேண்டாம், விவரம் வெளியே போகாது. வசதியுள்ளவர்கள் ஒரு பிள்ளையின் ஒரு மாத மாவுக்குப் பொறுப்பேற்க முன்வர வேண்டுகிறோம்.

அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பூரண ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.

— செயலாளர்