ஏர் ஹாக்கி: கை வேகத்துக்கு முன்னால் தடுப்பாட்டம்

காற்றில் மிதக்கும் ஒரு வட்டை எதிராளியின் கோலுக்குள் அடித்துத் தள்ளும் இருவர் ஆட்டம் ஏர் ஹாக்கி. மேசையின் அடியிலுள்ள விசிறி, மேற்பரப்பெங்கும் உள்ள நுண்துளைகள் வழியே காற்றை மேலே தள்ளுகிறது. அந்த மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் ‘பக்’ எனப்படும் பிளாஸ்டிக் வட்டு உராய்வே இல்லாததுபோல் வழுக்கி ஓடும். அதை அடிக்கவும் தடுக்கவும் ஆட்டக்காரர் கையில் இருக்கும் கருவி, குமிழ் வைத்த ‘மேலட்’ ஒன்றுதான்.

பில்லியர்ட்ஸ் மேசைகள் செய்துவந்த அமெரிக்காவின் பிரன்ஸ்விக் நிறுவனத்தில் 1969இல் சில பொறியாளர்கள் இந்த மேசைக்கான வேலையைத் தொடங்கினார்கள். 1970களின் தொடக்கத்தில் அது விற்பனைக்கு வந்தது. கேளிக்கைக் கூடங்களில் பரவிய வேகத்திலேயே, டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் சிலர் விதிகளை வகுத்துக்கொண்டு போட்டிகள் நடத்த ஆரம்பித்தார்கள். 1978இல் ஃபில் அர்னால்ட் முயற்சியால் அமெரிக்க அளவில் ஒரு சங்கம் உருவானது. இப்போது வெனிசுவேலா, ஸ்பெயின், செக் குடியரசு, ரஷ்யா ஆகிய நாடுகளிலும் போட்டி ஆட்டக்காரர்கள் உண்டு. கோலின் கம்மிங்ஸ் 2015இல் உலகப் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 16.

போட்டிக்குரியது 8 அடி நீள மேசை மட்டுமே. ஷாப்பிங் மால்களில் காணப்படும் குட்டையான மேசைகளில் வட்டு நொடியில் எதிர்ப்பக்கம் போய்விடுவதால், அங்கே கண்மூடித்தனமான வேகம் வெற்றி தருகிறது. முழு நீள மேசையில் அது எடுபடாது. தீவிரமாக ஆட வருபவர் முதலில் விட வேண்டிய பழக்கம் இதுதான்.

அடுத்து, பிடி. குமிழின் உச்சியை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு இறுகிப்போகும். தேர்ந்தவர்கள் குமிழுக்குப் பின்புறமாக விரல் நுனிகளால் பிடிக்கிறார்கள். மணிக்கட்டு தளர்ந்திருந்தால்தான் அடியின் திசையைக் கடைசிக் கணத்தில் மாற்ற முடியும். வரும் வட்டின் வேகத்தை உள்வாங்கித் தன் பக்கமே நிறுத்திக்கொள்ளவும் அந்தத் தளர்ச்சி வேண்டும்.

கற்பதில் பெரும் பங்கு தடுப்பாட்டத்துக்கே போக வேண்டும். கோலின் வாய் மேலட்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு அகலம். கோட்டின் மீதே நின்று காத்தால் கை இரு புறமும் அலைய வேண்டியிருக்கும். அதனால் மேலட்டைக் கோலுக்கு நேர் முன்னால், ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் நிறுத்துவது வழக்கம். அந்த இடத்திலிருந்து சிறு அசைவிலேயே நேர் அடிகள் மறிபட்டுவிடும். பக்கச் சுவரில் பட்டு வரும் அடி மட்டும் மேலட்டைச் சுற்றிக்கொண்டு நுழையப் பார்க்கும். அப்போது மேலட் கோலின் அந்த மூலைக்குப் பின்வாங்க வேண்டும். முன்னால் ஒரு புள்ளி, பின்னால் இரு மூலைகள் என்று அமைவதால் இது முக்கோணத் தடுப்பு எனப்படுகிறது. கை யோசிக்காமலே இந்த மூன்று இடங்களுக்கும் போய்வரும் வரை பழகுவதுதான் அடிப்படைப் பயிற்சி. நல்ல ஆட்டக்காரரின் அடியைக் கண்ணால் பார்த்தபின் தடுப்பது பெரும்பாலும் முடியாத காரியம்.

தாக்குதலின் உயிர் மறைப்பில் இருக்கிறது. ஓர் அடியை அருகிலிருந்து கவனித்தால் இது விளங்கும். ஆட்டக்காரர் வட்டைத் தன் பாதியில் மெதுவாக மிதக்கவிடுகிறார். அது சுவர்களில் பட்டு வைர வடிவிலோ வட்டமாகவோ குறுக்காகவோ ஒரே பாதையில் வந்துகொண்டிருக்கிறது. இதற்கு ‘டிரிஃப்ட்’ என்று பெயர். எந்தச் சுற்றில் அடி விழும் என்பது எதிராளிக்குத் தெரியாது. கை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி முன்னேறுகிறது. ஆனால் மேலட் வட்டின் நடுவில் படுகிறதா, சற்று இடப்புறமா, வலப்புறமா என்பதைப் பொறுத்து அது நேராகப் பாயும், அல்லது காரம் போர்டின் ரிபவுண்ட் போலச் சுவரில் பட்டுத் திரும்பும். ஒரே அசைவிலிருந்து மூன்று நான்கு திசைகளில் அடிக்கத் தெரிந்தவரே அபாயமானவர். தனியாக மேசையில் நின்று டிரிஃப்டும் அடியுமாகத் திரும்பத் திரும்பப் பழகாமல் இது கைவராது.

இந்த ஆயத்தத்துக்கெல்லாம் 7 நொடிகள்தான் அவகாசம். தன் பக்கம் வந்த வட்டை அதற்குள் நடுக்கோட்டைக் கடக்கச் செய்யாவிட்டால் ஃபவுல்; வட்டு எதிராளிக்குப் போய்விடும். மேலட்டைத் தூக்கி வட்டின் தலைமேல் வைத்து அமுக்குவதும், கையாலோ உடலாலோ வட்டைத் தொடுவதும் ஃபவுல்களே. கோலாகியிருக்க வேண்டிய வட்டைக் கையால் தடுத்தால் தண்டனை கடுமையானது: காவலற்ற கோலை நோக்கி எதிராளி ஓர் அடி அடிக்கலாம்.

முதலில் 7 புள்ளி எடுப்பவருக்கு ஒரு ஆட்டம்; ஏழு ஆட்டங்களில் நான்கை வென்றவருக்குப் போட்டி. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் பக்கம் மாற வேண்டும். ஆகவே போட்டி நீளும். முதல் இரு ஆட்டங்களில் ஏமாற்றிய அடியை எதிராளி மூன்றாவதில் கண்டுகொள்வார். அவர் எந்த மூலைக்குத் தாமதமாகப் பின்வாங்குகிறார் என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு அடிகளின் வரிசையை மாற்றுவது, அனுபவசாலிகளோடு மோதித் தோற்றுத் தோற்றுத்தான் படியும். அதனால் புதியவர்களுக்கு, தங்களைவிட வலுவானவர்கள் கூடும் மேசையைத் தேடிப் போவதைவிட நல்ல பயிற்சி வேறில்லை.