குடைக்குள் ஆடு

‘பசு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு. அது நமக்குப் பால் தரும்.’ மூன்றாம் வகுப்பு நோட்டுகளில் காலங்காலமாக இருக்கும் வரிகள். பிழையே இருக்காது, கரும்பலகையைப் பார்த்து எழுதியதில் பிழை எப்படி வரும்? அந்தப் பிள்ளையின் வீட்டுப் பசு நேற்றுத்தான் கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்துக் கொல்லையில் புகுந்திருக்கும். அதை எழுதச் சொல்லி யாரும் கேட்பதில்லை. பார்த்து எழுதும் பிள்ளைக்குக் கையெழுத்து திருந்தும். சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்க வராது.

இத்தாலிய எழுத்தாளர் ஜானி ரோடாரி இளமையில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1972இல் ரெஜ்ஜோ எமிலியா நகர ஆசிரியர்களோடு நடத்திய சந்திப்புகளிலிருந்து, அடுத்த ஆண்டே ‘கற்பனையின் இலக்கணம்’ என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். அதில் ஒரு விளையாட்டு உண்டு. ஒரு பிள்ளை பலகையின் ஒரு பக்கத்தில் ஒரு சொல்லை எழுதும். அது தெரியாமல் இன்னொரு பிள்ளை மறுபக்கத்தில் வேறொன்றை எழுதும். நாய், அலமாரி என்பது போல ஒட்டுறவில்லாத இரண்டு சொற்கள். அவற்றைச் சேர்த்துக் கதை பண்ண வேண்டும்.

ரோடாரியின் மொழியில் அவற்றைச் சேர்க்கத் தனிச் சொற்கள் இருக்கின்றன. தமிழில் அந்த வேலையைச் செய்பவை வேற்றுமை உருபுகள். அதனாலேயே இந்த விளையாட்டு நம் வகுப்புக்கு இன்னும் அதிகம் பயன்படும் என்று நம்புகிறேன். ‘ஆடு’, ‘குடை’ என்று இரண்டு சொற்கள் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். குடைக்குள் ஆடு. ஆட்டின் குடை. ஆட்டுக்குக் குடை. குடையோடு ஓடும் ஆடு. குடையைத் தின்ற ஆடு! ஒவ்வொன்றும் ஒரு கதை. ‘ஆடுக்கு’ என்று எழுதிய பிள்ளை, தன் கதையை வாய்விட்டுப் படிக்கும்போது நாக்கு தானாக ‘ஆட்டுக்கு’ என்று திருத்திக்கொள்ளும். டகரம் ஏன் இரட்டிக்கிறது என்பதை அப்போது சொல்லிக்கொடுத்தால் மனசில் நிற்கும். உருபுப் பட்டியலை மனப்பாடம் செய்யவைத்து அடுத்த வாரம் கேட்டுப்பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கதை முடியும்வரை சிவப்பு மை வேண்டாம். முதல் வரியிலேயே நாலு சுழி விழுந்தால், பிள்ளை பிழை வராத சொற்களை மட்டும் தேடிப் பிடித்து எழுதும். மறுபடி நாலு கால் பசுதான் வரும். பிழைகளைப் பேர் சொல்லாமல் பிறகு பலகையில் போட்டு எல்லோருமாகத் திருத்தலாம். எழுதியதை வகுப்பில் படிக்க, சுவரில் ஒட்ட, கையெழுத்துப் பத்திரிகையில் சேர்க்க வழி வேண்டும். படிக்க ஆளிருந்தால்தான் பிள்ளைக்கு எழுதத் தோன்றும்.

எழுத்தே கூடிவராத ஒன்றாம் வகுப்பில் என்ன செய்வது? நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன்-வார்னர், ஒவ்வொரு குழந்தையிடமும் அதற்கு வேண்டிய சொல்லைக் கேட்டு, அட்டையில் பெரிதாக எழுதி அதன் கையிலேயே கொடுத்துவிடுவார். பயம், சண்டை, பாசம் எல்லாம் அந்தச் சொற்களில் வரும். மறுநாள் குழந்தைக்கு அடையாளம் தெரியாத அட்டையை எடுத்துப் போட்டுவிட்டு, வேறு சொல் கேட்பார்.