கன்னக் கதுப்பும் கத்தியும்

சிதம்பரம் நடராஜர் ஆலயத்துக் கோபுர வாயில்களில் நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்களும் கல்லில் வடிக்கப்பட்டிருப்பதைப் பலரும் அறிவர். ஆனால் கைகால்களின் அசைவுகளை வகுத்த அதே சாஸ்திரம் கன்னத்துக்கும் 6 நிலைகளை வகுத்து, ஒடுங்கிய கன்னத்தைத் துக்கத்துக்கும் மலர்ந்த கன்னத்தை மகிழ்ச்சிக்கும் உரியனவாக விதித்திருப்பதை அறிந்தவர் சிலரே. அந்த ஒடுங்கிய கன்னத்தையே சௌந்தரியம் என்று விரும்பி, அதன்பொருட்டுக் கத்திக்கும் இசைகின்ற காலம் இது. மேலைநாட்டு நடிகையரை முன்னிட்டு 2022-ஆம் ஆண்டின் இறுதியில் பெரிதும் பேசப்பட்ட, கன்னக் கொழுப்பை அகற்றும் இந்தச் சிகிச்சையைப் பற்றிய பேச்சு, கைபேசியின் வழியே கடலூர் வரையிலும் வந்துவிட்டது.

கன்னத்தின் தசைகளுக்கு இடையே, மெல்லிய உறைக்குள், பக்கத்துக்கு ஏறத்தாழ 10 மில்லி லிட்டர் அளவில் ஒரு கொழுப்புத் திரள் இருக்கிறது. ஹைஸ்டர் என்னும் மருத்துவர் 1732-இல் இதனைச் சுரப்பி என்றே கருதினார். இது கொழுப்புதான் என்று பின்னர் விளக்கியவர், 30 வயதிலேயே மறைந்த பிரெஞ்சு மேதை பிஷா. மெல்லும்போது தசைகள் ஒன்றோடொன்று உராயாமல் காப்பது இதன் தொழில். உடல் மெலிந்தபோதும் இது எளிதில் கரைவதில்லை.

சிகிச்சையோ பார்வைக்குச் சிறியது. வாயின் உட்புறத்தை மரக்கச் செய்து, மேல்கடைவாய்ப் பற்களுக்கு அருகே ஓரிரு சென்டிமீட்டர் கீறித் தசையை விலக்கி, வெளியிலிருந்து கன்னத்தை மெல்ல அழுத்தினால், மஞ்சள் நிறக் கொழுப்பு தானாகவே பிதுங்கி வருகிறது. வேண்டிய அளவு நறுக்கியெடுத்துக் கரையும் நூலால் தைத்துவிடுகிறார்கள். ஆயினும் உமிழ்நீர்க் குழாயும், புன்முறுவலை இயக்கும் முக நரம்பின் கிளைகளும் அந்தக் கொழுப்பை ஒட்டியே செல்வதால், தேர்ந்த கையன்றி வேறெதுவும் இதனைத் தொடலாகாது. அன்றியும், உருண்ட முகத்துக்கு உடற்பருமனோ, மெல்லும் தசையின் தடிப்போ, உமிழ்நீர்ச் சுரப்பியின் வீக்கமோ காரணமாயின், இச்சிகிச்சை ஏமாற்றத்தையே தரும். இருபது வயதில் எடுத்த கொழுப்பு மீண்டும் வளராது. வயது ஏற ஏற முகத்தின் ஏனைய கொழுப்பும் குறைந்து போகையில், ஐம்பதில் கன்னம் டொக்கு விழக்கூடும் என்பதை முகம் பார்க்கும் கண்ணாடி முன்கூட்டிச் சொல்வதில்லை.

இதனினும் என் மனத்தை உறுத்துவது, பின்னொரு நாள் நோய்க்கு உதவக்கூடிய இக்கொழுப்பை அழகுக்காக வெட்டி எறிவது. பாக்கையும் பான் மசாலாவையும் ஓயாமல் மென்று, வாயின் உட்சவ்வு நாராய் இறுகி, காரம் பட்டால் எரிந்து, நாளடைவில் ஒரு கவளம் சோற்றுக்குக்கூட வாய் திறவாமற் போகும் நோயை நம் பல் மருத்துவர்கள் நன்கறிவர். நோய் முற்றியபோது அந்த நார்ப்பட்டைகளை அறுத்துவிட்டு, புண்ணாய் நிற்கும் இடத்தின்மேல், கன்னத்துள் இருக்கும் இதே கொழுப்பை இரத்த ஓட்டம் அறாமல் இழுத்துப் பரப்பித் தைக்கிறார்கள். சில வாரங்களில் அதன்மேல் புதுச்சவ்வு படர்ந்துவிடுகிறது. வாய்க்கும் மூக்குக்கும் இடையே விழுந்த துவாரத்தை இக்கொழுப்பைக் கொண்டே அடைக்கும் முறையை எக்யெடி என்பவர் 1977-இல் வெளியிட்டார். பிறிதோர் அவயவத்தைப் புண்படுத்தாமல் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் இத்தகைய நிதி, மனித முகத்தில் வேறொன்றில்லை.

சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் 1980-இல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் தோன்றி, 2021-இல் சுகாதாரத் துறையின்கீழ் வந்த அரசுப் பல் மருத்துவக் கல்லூரி அருகிலேயே இருப்பது இப்பகுதி மக்களின் பாக்கியம். கன்னத்தைக் குறைக்க விரும்பும் இளைஞர் எவரும் விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டுவதற்கு முன், முகம் உருண்டிருப்பதற்குக் காரணம் கொழுப்பா, தசையா, சுரப்பியா என்பதை அத்தகைய ஓரிடத்து வாய் மற்றும் முக அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்டித் தெரிந்துகொள்ளட்டும். எவ்வளவு எடுப்பார்கள், எவ்வளவு விட்டுவைப்பார்கள் என்று தவறாமல் கேட்கட்டும்.